அப்பொல்லோ துரத்திய ஞாயிற்றுக்கிழமை

அருங்காட்சியக வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு முதலில் என் வாழ்த்துகள். கழுத்தில் தொங்குகிற அட்டையை இன்னும் பெருமையோடு மாட்டிக்கொண்டு திரிகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். நல்லது. அந்தப் பெருமை முதலாவது கூட்டம் வரைக்கும் தாங்கும்.

நான் மொன்றியலில் ஓர் அருங்காட்சியகத்தின் அச்சுப்படப் பிரிவில் துணைக் காப்பாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவள். அச்சுப்படம் என்றவுடன் மூலைக்கடையில் எடுக்கிற போட்டோக்கொப்பியை நினைக்காதீர்கள். செப்புத் தகட்டில் கூரிய உளியால் கோடு கோடாகச் செதுக்கி, மை தடவி, ஈரக் கடதாசியை வைத்து அழுத்தி எடுத்த படங்கள். வெளிச்சம் பட்டால் பழுதாகும் என்பதால் அவை பெரும்பாலும் பெட்டிக்குள் இருட்டில் கிடக்கும். நாங்களும் அவற்றோடு கிடந்தோம். எங்களுக்கு வெளிச்சம் பட்டால் என்ன ஆகும் என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

பெட்டியை எப்படித் தூக்குவது, கையுறை எப்போது போடுவது என்பதையெல்லாம் உங்களுக்குச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் படம் போட்டும் காட்டுவார்கள். நான் சொல்ல வந்தது வேறு. ஒருநாள் யாரோ ஒருவர் படத்துக்கு முன்னால் நின்று, "இதில என்ன நடக்குது?" என்று உங்களைக் கேட்பார். உங்கள் பதிலில் அவருடைய வாழ்க்கையும் உங்கள் வேலையும் சேர்ந்து தொங்கும். எனக்கு அது ஒரு பெப்ரவரி ஞாயிற்றுக்கிழமை நடந்தது.

முதலில் படம். மறுமலர்ச்சிக் காலத்து இத்தாலியில் செய்தது. செய்தவர் யாரென்று தெரியாது. தெரிந்த மாதிரிக் கதைக்கிற பேராசிரியர்கள் இருவர் இருந்தார்கள். இருவரும் இரண்டு பெயர் சொன்னார்கள். கதை மட்டும் எல்லாருக்கும் தெரிந்தது. அப்பொல்லோ என்ற கிரேக்கத் தேவன் டாஃப்னி என்ற பெண்ணைக் கண்டு ஆசைப்படுகிறான். அவளுக்கு விருப்பமில்லை. அதை அவள் வாயால் சொன்னாள், பிறகு காலாலும் சொன்னாள், அவனுக்கு விளங்கவில்லை. தேவனல்லவா. பிடிபடப் போகிற கணத்தில் அவள் தன் தகப்பனைக் கூப்பிடுகிறாள். தகப்பன் ஓர் ஆற்றுத் தேவன். அவர் மகளை மரமாக்கிவிடுகிறார். பெண்பிள்ளையைக் காப்பாற்ற அவருக்குத் தோன்றிய வழி அதுதான். துரத்துகிறவனை மரமாக்கலாமே என்று அவர் யோசித்ததாக எங்கும் இல்லை.

படத்தில் எல்லாம் இடமிருந்து வலமாக ஓடுகிறது. இடப்பக்கம் அப்பொல்லோ. சால்வை பின்னால் பறக்கிறது, ஒரு கால் நிலத்தில், ஒரு கால் காற்றில். பழைய உரோமச் சிலைகளைப் பார்த்து வரைந்து பழகிய கை. ஆகவே மூச்சிரைக்க ஓடுகிற வேளையிலும் அவன் உடம்பு படம் எடுக்க நிற்கிறவன் மாதிரி ஒழுங்காக இருக்கும். நீட்டிய கை அவள் இடுப்பில் படுகிறதா இல்லையா என்கிற தூரம். வலப்பக்கம் டாஃப்னி. இரண்டு கையும் மேலே. விரல் நுனிகள் இலையாகிவிட்டன. கீழ் மூலையில் தகப்பன், கவிழ்ந்த குடத்தில் ஆறு வழிய, சாய்ந்து கிடக்கிறார். அவர் முதுகு மகளின் வழியை அடைக்கிறது. அவள் முகத்துக்கு முன்னால் ஒரு விரலகலம்தான் மிச்சம். அதோடு தகடு முடிகிறது. ஓடுவதற்கு இடமே இல்லை. அந்த நெருக்கத்துக்காகவே அவளை அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறான் தகட்டைச் செதுக்கிய மனிதன்.

இன்னொன்றையும் பாருங்கள். செப்புத் தகட்டுக்காரனிடம் நிறம் கிடையாது. தோலும் துணியும் தண்ணீரும் எல்லாம் கோடுதான். அப்பொல்லோவின் தொடையில் கோடுகள் தசையைச் சுற்றி வளைந்து வளைந்து போகும். டாஃப்னியின் இடுப்பு வரைக்கும் அப்படித்தான். தொடையிலிருந்து கோடு மெல்ல மெல்ல வளைவதை நிறுத்துகிறது. முழங்காலுக்குக் கீழே எல்லாம் நேராக, நெருக்கமாக, மேலிருந்து கீழே இறங்குகிறது. தோல் எங்கே முடிந்து மரப்பட்டை எங்கே தொடங்குகிறது என்று விரலால் தொட்டுக் காட்ட முடியாது. அந்தக் கோட்டைக் கண்ட நாள் தொட்டு எனக்கு அந்தப் படத்தில் ஒரு பக்தி.

இப்போது விளம்பரப் பிரிவுக்கு வருவோம். அதன் தலைவி மரியேல். கெட்ட மனுசி அல்ல. பெப்ரவரியில் மொன்றியல்காரர் வீட்டை விட்டு வெளிக்கிடமாட்டார்கள் என்பது அவளுக்கு ஆண்டுதோறும் வருகிற தலைவலி. அந்த ஆண்டு காதலைக் கூப்பிட்டால் சனம் வரும் என்று முடிவெடுத்தாள். சேகரிப்பு முழுவதையும் கணினியில் உருட்டிப் பார்த்து இந்தப் படத்தைத் தெரிந்தெடுத்தாள்.

"இதில் அசைவு இருக்கிறது," என்றாள் கூட்டத்தில், கண் மின்ன.

விளம்பரத் தட்டியின் மாதிரியைச் சுவரில் காட்டினாள். மேலே இலைகள் குப்பையாகத் தெரிகின்றன என்று கைகளை வெட்டிவிட்டிருந்தார்கள். கீழே கிடந்த கிழவர் மனநிலையைக் கெடுக்கிறார் என்று அவரையும் வெட்டியாயிற்று. எழுத்துப் போட இடம் வேண்டும் என்று வலப்பக்கம் பெரிய வெள்ளை வெளியை ஒட்டியிருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு அத்தனை நூற்றாண்டுக்குப் பிறகு ஓடுவதற்கு இடம் கிடைத்தது. அந்த வெளியில் எழுதியிருந்தது: "காதலுக்குள் ஓடுங்கள்!"

"மரியேல், அவள் காதலுக்குள் ஓடவில்லை. தப்பி ஓடுகிறாள்," என்றேன்.

"இரண்டும் ஓட்டம்தானே?"

எங்கள் பிரிவின் தலைவரைப் பார்த்தேன். அவர் தன்னுடைய பேனையில் ஏதோ புதுமையைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்.

மரியேல் குரலைத் தாழ்த்தி, கருணையோடு கேட்டாள்: "உங்கள் சமூகத்துக்கு நிர்வாணம் ஒரு பிரச்சினையா? தயங்காமல் சொல்லுங்கள்."

கலை வரலாறு படித்துப் பட்டம் வாங்கி, அந்தக் கட்டடத்திலேயே தலை நரைத்த ஒருத்தி. ஒரு வசனத்தில் சமூகமாகிவிட்டேன்.

"என் சமூகத்துக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. படத்தில் இருக்கிறவளுக்குத்தான் பிரச்சினை," என்றேன்.

அடுத்த கிழமை திருத்திய மாதிரி வந்தது. என் கருத்து மதிக்கப்பட்டதாம். எழுத்துகளை வெள்ளை வெளியிலிருந்து எடுத்து டாஃப்னியின் மார்புக்குக் குறுக்கே போட்டிருந்தார்கள்.

அப்படியே அது மெத்ரோ நிலையங்களுக்குப் போயிற்று. கோட்-டெ-நெய்ஜ் நிலையத்தில் தினமும் அதைக் கடந்துதான் நான் வேலைக்குப் போனேன். சும்மா சொல்லக்கூடாது, அழகாகத்தான் இருந்தது. ஒருவனும் ஒருத்தியும் சேர்ந்து நடனமாடுகிற மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சிக்கு "இருவருக்கான பார்வை" என்று பெயர். சோடியாக வருகிறவர்கள் படத்துக்கு முன்னால் தனியாக நின்று, தங்கள் மொழியிலேயே விளக்கம் கேட்கலாம். தமிழில் ஒரு சோடி பதிந்திருந்தது. மரியேல் காலையிலேயே என் அறைக்கு ஓடி வந்தாள்.

"இன்றைக்கு ஒரு திருமணக் கேள்வி இருக்கிறது! பையன் மோதிரத்தோடு வருகிறான். பெண்ணுக்குத் தெரியாது. நீங்கள் படத்தை விளக்குங்கள். கடைசியில் அந்த மரம் என்றைக்கும் பச்சையாக இருக்கும் என்று சொல்லி, 'எத்தெர்னித்தே' என்ற சொல்லைச் சொல்லுங்கள். நித்தியம்! அதைக் கேட்டதும் யாழ் வாசிக்கிறவள் தொடங்குவாள், பையன் முழங்காலில் இருப்பான், படப்பிடிப்பாளர் எடுப்பார்."

"அந்த மரம்தான் அந்தப் பெண், மரியேல்."

"எவ்வளவு அழகு, இல்லையா?" என்றுவிட்டுப் போனாள்.

மத்தியானம் அவர்கள் வந்தார்கள். பையன் பிரவீண். கோயம்புத்தூர்ப் பக்கம், இங்கே ஒரு கணினி நிறுவனத்தில் வேலை. அவனுடைய பிரெஞ்சு "பொன்ஜூர்", "மெர்சி" இரண்டோடும் நின்றுவிட்டது. பெண் மயூரி. யாழ்ப்பாணத்துத் தாய் தகப்பனுக்கு இந்த நகரத்தின் அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பகுதியில் பிறந்து வளர்ந்தவள். ஆஸ்பத்திரியில் சுவாச சிகிச்சைப் பிரிவில் வேலை. காலைப் பணி முடித்து நேரே வந்திருந்தாள். கண்ணில் களைப்பு, பனிச் சப்பாத்தில் உப்புக் கறை. பிரவீணின் வலது கை கோட்டுப் பைக்குள் இருந்தது. அது வெளியே வரவே இல்லை.

மயூரி சப்பாத்தைத் துடைக்கக் குனிந்த நேரம் அவன் என் காதருகே வந்தான். "மேடம், அந்த மரம் மேட்டர் வர்றதுக்கு முன்னாடி எனக்குக் கண்ணைக் காட்டுங்க. கொஞ்சம் சீக்கிரம் முடிச்சுடுங்க, ப்ளீஸ்."

பாவமாக இருந்தது. நல்ல பையன். மெத்ரோவில் தட்டியைக் கண்டிருக்கிறான், நம்பியிருக்கிறான். அதில் நம்பாமல் இருக்க என்ன இருந்தது?

நான் பாதுகாப்பான இடத்தில் தொடங்கினேன். செப்பு, உளி, மை. உங்களுக்கும் சொல்கிறேன், எதைச் சொல்வது என்று தெரியாதபோது செப்பைப் பற்றிச் சொல்லுங்கள். செப்பு யாரையும் புண்படுத்தாது. வாசலில் மரியேல் வைன் தட்டோடு நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் படப்பிடிப்பாளர். மூலையில் ஹார்ப் என்கிற ஆளுயர யாழோடு ஒரு பெண். மூன்று பேருக்கும் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. மூவரும் எனக்காக முகம் மலர்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

மயூரி செப்பைக் கேட்கவில்லை. படத்துக்குக் கிட்டப் போய் நின்றாள்.

"அன்ரி, இவ சிரிக்கிறாவோ, கத்திறாவோ?"

"உங்களுக்கு எப்பிடித் தெரியுது?"

"நான் மூச்செடுக்கக் கஷ்டப்படுற ஆக்களோட வேலை செய்யிறன். சந்தோஷமா ஓடுற ஆளுக்குக் கழுத்து இப்பிடி இழுக்காது. இவவுக்கு மூச்சு முட்டுது. ஏன் ஓடுறா?"

அந்த இடத்தில் எனக்கு இரண்டு பதில் இருந்தது. ஒன்று மரியேல் தந்தது. அதைச் சொன்னால் எல்லாரும் வைன் குடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். மற்றது படம் தந்தது. பிரவீணைப் பார்த்தேன். அவன் கண்ணால் கெஞ்சினான். மயூரியைப் பார்த்தேன். அவள் கேட்டது என்னை. விளம்பரப் பிரிவை அல்ல. இன்னும் கொஞ்சத்தில் அவளிடம் ஒருவர் வாழ்க்கை முழுவதற்குமான கேள்வி கேட்கப் போகிறார். அதற்கு முன்னால் அவள் கேட்ட சின்னக் கேள்விக்கு நான் பொய் சொல்வதா? முடியவில்லை. ஆனால் கதையை எடுத்து அவள் தலையில் கொட்டவும் மனம் வரவில்லை.

"அவவின்ர கையைப் பாருங்கோ, பிள்ளை," என்றேன்.

பார்த்தாள். "இலை… விரலெல்லாம் இலை. மரமாகிறாவோ?"

"ஓம்."

"இவனுக்குப் பயந்தோ?"

"ஓம்."

"கீழ படுத்திருக்கிறவர் ஆர்?"

"தகப்பன். அவர்தான் மரமாக்கினவர்."

"நல்ல தகப்பன்," என்றாள். பிறகு அப்பொல்லோவின் முகத்தை உற்றுப் பார்த்தாள். "அவன்ர தலையில என்ன அது, வளையமா?"

"அவவின்ர இலை. பிடுங்கித் தலையில வைச்சிருக்கிறார்."

"அவ இன்னும் மரமாகி முடியேல்லையே!"

"ஓம். ஆள் கொஞ்சம் அவசரப்பட்டவர்."

மயூரி சிரித்தாள். வாய்விட்டு, களைப்பெல்லாம் போகச் சிரித்தாள். பிரவீண் சிரிக்கவில்லை. அவனும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றான். கோட்டுப் பைக்குள் இருந்த கை முன்னிலும் ஆழமாகப் போயிற்று. மரியேல் சிரிப்பைக் கண்டு பெருவிரலை உயர்த்திக் காட்டினாள்.

நான் கவனமாக இருந்தேன். அந்த ஒரு சொல்லைத் தவிர எல்லாச் சொல்லையும் சொன்னேன். மயூரிக்கு யார் போய்ச் சொல்வது? இங்கே பிறந்த பிள்ளை, தமிழில் தொடங்கிப் பிரெஞ்சில் முடிக்கிற பிள்ளை. படத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"அப்ப இனி அவ மரமாவே நிக்க வேண்டியதுதானோ… புர் லெத்தெர்னித்தே?"

யாழ் தொடங்கியது.

பிரவீணின் முகத்தில் இரத்தமே இல்லை. இப்போது கேட்க வேண்டாம் என்று அவனுக்கு விளங்கிவிட்டது, நான் கண்டேன். ஆனால் இசை தொடங்கிவிட்டது, படப்பிடிப்பாளர் கமராவைத் தூக்கிவிட்டார், மரியேல் கண்ணீருக்குத் தயாராகிவிட்டாள். அத்தனை பேர் எதிர்பார்த்து நிற்கும்போது முழங்கால் தானாக மடிந்துவிடும் போல. அவன் முழங்காலில் இருந்தான். பளிச்சென்று ஃப்ளாஷ் அடித்தது.

"பிரவீண், எழும்பு," என்றாள் மயூரி மெல்ல.

"மயூ, நான் துரத்தல. சத்தியமா துரத்தல."

"துரத்தேல்லை. ஆனா சுத்தி ஆக்களை நிப்பாட்டியிருக்கிறாய். எனக்கு இதில பதில் சொல்ல ஏலாது."

அவளுக்கு முன்னால் சுவர். பின்னால் முழங்காலில் ஒருவன். வாசலில் கமராவும் வைன் தட்டும். மூலையில் யாழ். ஒரு குறை சொல்ல முடியாத அமைப்பு. அந்த இத்தாலிக்காரன் பார்த்திருந்தால் உடனே தகட்டை எடுத்திருப்பான். மயூரியின் கழுத்து இழுத்தது. அவள் வேலையிடத்தில் பார்க்கிற அதே இழுப்பு.

உண்மையைச் சொல் என்று இந்தத் தொழிலில் உங்களுக்கு எல்லாரும் சொல்வார்கள். அதைச் சொல்வது அவ்வளவு பெரிய காரியம் இல்லை. சொன்ன பிறகு, கேட்டவர் அந்த அறையில் எப்படி மூச்சு விடுவார் என்பதுதான் எங்கள் பொறுப்பு. நான் மரியேலிடம் போய், "அந்தப் பிள்ளைக்குச் சங்கடமாக இருக்கிறது, எல்லாரும் வெளியே போவோமா?" என்று கேட்டிருக்கலாம். அவள் என்னை அணைத்து, இன்னும் ஒரு படம் எடுத்துவிட்டுப் போகலாம் என்றிருப்பாள். அருங்காட்சியகத்தில் மனுசருக்காக யாரும் அசையமாட்டார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு வருடக்கணக்கு எடுத்தது.

"ஃப்ளாஷ்!" என்று பிரெஞ்சில் கத்தினேன். "யார் ஃப்ளாஷ் அடித்தது? இது கடதாசி! எல்லாரும் வெளியே! உடனே!"

யாழ் நின்றது. படப்பிடிப்பாளர் கமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினார். மரியேல் தட்டைச் சரித்து வைனைத் தன் கையில் ஊற்றிக்கொண்டாள். யாழ்காரி அவ்வளவு பெரிய யாழைத் தள்ளிக்கொண்டு போன வேகத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. கடதாசிக்கு ஆபத்து என்றால் போதும், கட்டடமே காலியாகும். நானும் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். உள்ளே அவர்கள் இரண்டு பேர் மட்டும்.

"அவர்கள் ஏன் உள்ளே?" என்று மரியேல் கேட்டாள்.

"அவர்களிடம் ஃப்ளாஷ் இல்லை," என்றேன்.

கதவில் காதை வைக்கவில்லை. வைத்திருந்தால் இந்த இடத்தில் உங்களுக்குச் சொல்ல இன்னும் கொஞ்சம் இருந்திருக்கும். வெளியே வந்தபோது பிரவீணின் கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்து "சாரி மேடம்" என்றான். எனக்கு எதற்கு என்று அவனுக்கும் தெரியாது. மயூரி "பேந்து வாறன் அன்ரி, இன்னொரு நாள்" என்றாள். இருவரும் ஒருவர் பின் ஒருவராகப் படியிறங்கிப் போனார்கள்.

"சம்மதமா, இல்லையா?" என்று மரியேல் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "நான் என்னத்தைப் பதிவேற்றுவது?"

கடைசியில் யாழின் படத்தைப் பதிவேற்றினாள்.

நிகழ்ச்சியைக் குழப்பியதற்காக எனக்கு விசாரணை வந்தது. படப்பிடிப்பாளர் தொடக்கத்திலிருந்தே ஒலியும் பதிந்திருந்ததால் அதில் என் குரலும் இருந்தது; அதை மொழிபெயர்ப்பிக்க அனுப்பியிருந்தார்கள். ஊழியர் விவகாரங்களைப் பார்க்கிற ஆளணிப் பிரிவின் பெரியவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றி, மிகவும் கவலையோடு ஒவ்வொரு வசனமாக வாசித்தார்.

"'அவளுடைய இலையைப் பிடுங்கித் தலையில் வைத்திருக்கிறார்.' இதை நீங்கள் சொன்னீர்களா?"

"சொன்னேன்."

"'ஆள் கொஞ்சம் அவசரப்பட்டவர்.' இது யாரைப் பற்றி?"

"அப்பொல்லோவைப் பற்றி."

"அவர் நிகழ்ச்சிக்கு வந்திருந்தவரா?"

மரியேல் மேசையைப் பார்த்தாள். எங்கள் பிரிவின் தலைவர் அன்றைக்குத்தான் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "படத்தில் அப்படித்தான் இருக்கிறது," என்றார். அவ்வளவுதான், அதற்காக நான் அவரைப் பாதி மன்னித்தேன். ஒரு புது விதியோடு விசாரணை முடிந்தது. அடுத்த ஆண்டிலிருந்து காதலர் நிகழ்ச்சிக்கு அச்சுப்படப் பிரிவை அழைப்பதில்லை. அந்தத் தண்டனையை நான் மிகவும் துக்கத்தோடு ஏற்றுக்கொண்டேன்.

பனி உருகிய பிறகு ஒருநாள் மயூரி தனியாக வந்தாள். அப்போது படம் பெட்டிக்குத் திரும்பிவிட்டது. ஆனால் முன்கூட்டிக் கேட்டால் யார் வேண்டுமானாலும் எங்கள் அறைக்கு வந்து பார்க்கலாம். இது பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது; விளம்பரப் பிரிவுக்கும் தெரியாது. எடுத்து மேசையில் வைத்தேன். நெடுநேரம் பார்த்தாள். நான் பிரவீணைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. என்னைப் போன்ற ஒரு யாழ்ப்பாணத்து அன்ரி அப்படி இருப்பதற்கு எவ்வளவு பயிற்சி வேண்டும் என்பதை உங்களில் சிலர் அறிவீர்கள். என் தொழில் வாழ்க்கையில் இதைவிடக் கடினமான வேலை நான் செய்ததில்லை.

"நீங்கள் ஒண்டும் கேட்கேல்லை," என்றாள் கடைசியில்.

"கேட்கிறதுக்கு என்ன இருக்கு."

"நான்தான் கேட்டனான், அன்ரி. பஸ்ஸில. ஒருத்தரும் பார்க்கேல்லை, பக்கத்தில ஒரு ஆள் நித்திரை. என்னைக் கட்டுறியோ எண்டு கேட்டன்."

"என்ன சொன்னவர்?"

"யோசிச்சுச் சொல்றேன் எண்டவர்!" அவளுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. "ஒரு கிழமை யோசிச்சவர். ஒரு கிழமையும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பேந்துதான் ஓம் எண்டவர்."

"நல்லது, பிள்ளை."

"கீழதான் நிக்கிறார். மேல வரப் பயம்."

"என்ன பயம்?"

"நீங்கள் படத்துக்குக் கதை சொல்லிப்போடுவியள் எண்டு."

வரச் சொன்னேன். அவன் படியேறி வருவதற்குள் அப்பொல்லோவையும் டாஃப்னியையும் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு, அடுத்த பெட்டியிலிருந்து வேறொன்றை எடுத்து மேசையில் வைத்தேன். அதே காலத்துப் படம். தேவர் இல்லை, பெண் இல்லை, தகப்பன் இல்லை. நட்ட நடுவே ஒரு நண்டு.

பிரவீண் வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தான். பிறகு மெல்ல உள்ளே வந்து குனிந்து, நாலு மூலையும் கவனமாகப் பார்த்தான்.

"மேடம், இது யாரையும் துரத்தலையே?"

"இல்லைத் தம்பி. நண்டு. அது பக்கவாட்டிலதான் போகும்."